நாற்பத்தொன்பது சனிக்கிழமைகள்

என் நண்பர் ஒருவர் பத்து வருஷ காலம் ஜப்பானில் உத்தியோகம் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். அவருடைய பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. தமிழை வீட்டிலும் ஜப்பானிய மொழியைப் பள்ளிக்கூடத்திலும் கற்றவள். அவர்கள் கொண்டுவந்த சாமான்களில், அங்கே பழைய பொருள் கடையில் வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்த ஒரு பெட்டிக் குறுந்தகடுகள் இருந்தன. மொத்தம் 49 பகுதிகள் கொண்ட ஒரு டெலிவிஷன் தொடர்.

“மாமா, பார்க்கிறீர்களா? நான் அர்த்தம் சொல்கிறேன்” என்றாள்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, அடுத்தவன் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்க்கும் ஆசை எப்போதும் உண்டு. சரி என்றேன். இரண்டே நிபந்தனைகள் போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு பகுதிதான். முடிவு என்ன என்று கைபேசியில் தேடிப் பார்க்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனைக்குச் சம்மதிக்க அவள் மிகவும் கஷ்டப்பட்டாள்.

தொடரின் பெயர் ‘அழகிய வீராங்கனை ஸெய்லர் மூன்’. 2003 அக்டோபர் 4-ஆம் தேதி தொடங்கி 2004 செப்டம்பர் 25-ஆம் தேதி வரை, சனிக்கிழமைகளில் காலை ஏழரை மணிக்கு ஜப்பானியக் குழந்தைகள் இதைப் பார்த்தார்கள். உஸாகி என்ற பதினான்கு வயதுப் பெண். படிப்பில் மந்தம், தூக்கத்தில் கெட்டி. அவளிடம் ஒரு பேசும் பூனை வந்து, “நீ சாமானியப் பெண்ணல்ல, சந்திரனைச் சேர்ந்த வீராங்கனை” என்கிறது. அவளைப் போல இன்னும் நாலு பெண்கள். அவர்களுக்குப் புதன், செவ்வாய், வியாழன், வெள்ளி என்று கிரகங்களின் பெயர். நம் ஊர் ஜோஸியர் ஒருவர் உடனிருந்தால் தேவலை என்று தோன்றிற்று. அவர்களுடைய போர் உடை, ஜப்பானில் 1920-களிலிருந்து பள்ளிக்கூடப் பெண்கள் அணிந்துவரும் மாலுமிச் சட்டையின் அலங்கார வடிவம். ‘ஸெய்லர்’ என்ற பெயருக்கு அதுதான் காரணம். இதில் கப்பலும் இல்லை, கடலும் இல்லை.

முதல் நாலைந்து நாள் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பேசும் பூனை துணியால் செய்த பொம்மை. அது பொம்மை என்பதை மறைக்கக்கூட யாரும் பிரயாசைப்படவில்லை. உருமாறியதும் உஸாகியின் கறுப்புத் தலைமயிர் மஞ்சளாகிவிடும். டோப்பா என்பது தெளிவாகத் தெரியும். மாறுவேஷம் போட மந்திரக்கோல் கிடையாது. புகைப்படம் எடுக்கும் கைபேசி. 2003-ல் அந்த வயதுப் பெண்கள் எதற்கு ஏங்கினார்கள் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டாம். ரகசியக் கூட்டம் போடுமிடம் காசு கொடுத்துப் பாட்டுப் பாடும் கரோகே விடுதி.

இந்தக் கதையின் வேரைத் தேடிப் போனால், ஆச்சரியமாக, அது அமெரிக்காவில் கிடைக்கிறது. 1964-ல் அங்கே ‘பிவிட்ச்ட்’ என்ற தொடர் ஆரம்பமாயிற்று. ஸமந்தா என்ற அழகான சூனியக்காரி, விளம்பரக் கம்பெனி உத்தியோகஸ்தன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்துகிறாள். அவள் மூக்கை லேசாக அசைத்தால் எச்சில் தட்டுகள் தாமாகச் சுத்தமாகிவிடும். ஆனால் மந்திரம் செய்யக் கூடாது என்பது புருஷனுடைய உத்தரவு. 1966-ல் அது ஜப்பானிய மொழி பேசத் தொடங்கியது. அதே வருஷம் டிசம்பரில், யோகோயாமா மிட்சுதெரு என்பவர் வரைந்த கதையை வைத்து, ஸாலி என்ற சிறுமி சூனியக்காரியின் சித்திரத் தொடர் அங்கே வெளிவந்தது. டெலிவிஷனில் மந்திரச் சிறுமிக் கதைகளின் வம்சாவளி அவளிடமிருந்துதான் ஆரம்பமாகிறது. ஸமந்தாவைப் பார்த்துத்தான் ஸாலி பிறந்தாள் என்று சொல்வார்கள்.

ஏழு மாதம் கழித்து, 1967 ஜூலையில், நிஜ நடிகையை வைத்து ‘கொமெட்-ஸான்’ வந்தது. இதுவும் யோகோயாமாவின் பெயரோடு வந்த கதைதான். வேற்று உலகத்தில் குறும்பு செய்த குற்றத்துக்காகப் பூமிக்கு அனுப்பப்பட்ட ஒரு பெண், இரண்டு பையன்கள் உள்ள வீட்டில் வேலைக்காரியாகச் சேருகிறாள். பாடகி கொகொனொயே யுமிகோ நடித்தார். 79 பகுதிகள் ஓடிற்று. 1978-ல் வேறு நடிகையை வைத்து மறுபடியும் எடுத்தார்கள். 1971-ல் வந்த இன்னொரு தொடரில், வேற்றுலகப் பெண் ஒருத்தி ஆரம்பப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயினியாக வந்தாள்.

இதில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. மந்திரம் சித்திரத்தில் வந்தால் அது சிறுமியின் கையில் இருக்கிறது. உயிருள்ள நடிகைக்கு வந்தாலோ, அவள் மனைவி, அல்லது வேலைக்காரி, அல்லது டீச்சர். பிறருடைய பாத்திரத்தைத் தேய்க்கவும் பிறர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும்தான் அந்த மந்திரம். வீட்டு வேலையை ஒருத்தி தனியாகச் செய்து முடிக்க வேண்டுமானால் அவளுக்கு மந்திரம் தெரிந்திருக்க வேண்டும் என்ற உண்மையை டெலிவிஷன்காரர்கள் அப்போதே கண்டுகொண்டுவிட்டார்கள் போலும்! குழந்தை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். அதற்கு ஆபத்து இல்லை.

ஆண் பிள்ளைகளின் கதை வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1971 ஏப்ரலில் இஷினோமோரி ஷோதாரோவின் ‘முகமூடி வீரன்’ மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். 1975-ல் அவரே ஐந்து வர்ண முகமூடிகளோடு ஒரு படையைக் கொண்டுவந்தார். ஐவரில் ஒருத்தி பெண், அவள் நிறம் ரோஜா. இந்த முகமூடியில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. முகம் மறைந்துவிட்டால் உள்ளே இருப்பது யார் என்று தெரியாது. நடிகன் நிழலில் உட்கார்ந்திருக்க, சண்டை தெரிந்த வேறொருவர் குதித்து அடிபட்டுவிட்டுப் போகலாம்.

1990-ல் ‘பொய்த்ரின்’ என்ற தொடரில், உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி கோயிலில் கடவுளிடம் சக்தி பெற்றுத் துஷ்டர்களைத் திருத்தினாள். மந்திரம் கடைசியில் பள்ளிக்கூடப் பெண்ணிடம் வந்து சேர்ந்தது. ஆனால் அது முழுக்க நகைச்சுவை. அந்தத் தசாப்தத்தின் தொடக்கத்தில்தான் தாகெயுச்சி நவோகோ என்ற இளம் பெண், மருந்தியல் படித்தவர், ஸெய்லர் மூனை வரைந்தார். மந்திரச் சிறுமியையும் ஐவர் படையையும் ஒரே நூலில் கோத்ததுதான் அவருடைய சாமர்த்தியம். 1992 மார்ச்சில் சித்திரத் தொடராகி, 1997 வரை 200 பகுதிகள் ஓடி, உலகம் முழுதும் போயிற்று.

அந்தச் சித்திரத் தொடரின் முதல் வருஷத்தில் ஒரு சம்பவம். 45-ஆம் பகுதியில் உஸாகியின் நாலு தோழிகளும் பனிவெளியில் ஒருவர் பின் ஒருவராக மடிகிறார்கள். அடுத்த வாரம், 46-ஆம் பகுதியில், அத்தனை பேரும் உயிரோடு பள்ளிக்கூடம் போகிறார்கள். சித்திரத்துக்கு அது செல்லும். மையால் வரைந்ததை மறுபடியும் மையால் வரையலாம்.

2003-ல் அதே கதைக்கு மறுபடி உயிர் கொடுத்தபோதுதான் சங்கதி மாறிற்று. இந்த ஐந்து பெண்களுக்கும் சண்டையின்போது முகமூடி இல்லை. முகம் திறந்திருக்கிறது. குளிரில் வெளுக்கிறது, ஓடினால் இரைக்கிறது. உஸாகியாக நடித்த ஸவாய் மியூவுக்குத் தொடர் ஆரம்பித்தபோது பதினைந்து வயது. பிற்பாடு பெரிய ஸினிமா நட்சத்திரமான கிதகாவா கெய்கோவுக்கு அதுதான் முதல் வேஷம்; அப்போது பதினேழு. தினம் ஒரு பகுதியாகப் பார்த்தால், ஒரு வருஷ காலம் அந்த முகங்களில் ஓடுவது தெரிகிறது. முதல் பகுதியில் வசனத்தை ஒப்பித்த பெண்கள் முப்பதாவது பகுதியில் பேசுகிறார்கள். இதை எந்தச் சித்திரக்காரரும் வரைந்து காட்ட முடியாது.

இன்னொன்று. 49 பகுதிகளையும் எழுதியவர் ஒரே ஆள்: கொபாயாஷி யாசுகோ என்ற பெண்மணி. வாராவாரம் அத்தியாயம் எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். இதற்கு முன்பு அவர் முகமூடி வீரர்களின் 2002-ஆம் வருஷத் தொடரில் பெரும் பகுதியை எழுதியவர். அதில் கதாநாயகனைக் கடைசிப் பகுதிக்கு முந்திய பகுதியிலேயே சாகடித்துவிட்டார். அப்படிப்பட்ட கையில்தான் இந்த ஐந்து பெண்களையும் ஒப்படைத்திருந்தார்கள்.

பாதித் தொடரில், மூலக் கதையிலே இல்லாத ஒன்றைச் செய்தார். அமி என்ற கூச்சம் நிறைந்த பெண் பகைவர்களின் மயக்கத்தில் சிக்கி, தோழிகளுக்கு எதிராகவே வாளெடுக்கிறாள். ஒரே இரவில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. எங்களுக்கு அது ஒரு வாரம். 2004-ல் பார்த்த குழந்தைகளுக்கோ இரண்டு மாதத்துக்கு அருகில்! அவ்வளவு நாள் அவர்கள் எப்படிப் பொறுத்தார்களோ என்று என் மொழிபெயர்ப்பாளர் கோபித்துக்கொண்டாள்.

வேடிக்கைக்கும் குறைவில்லை. பாட்டென்றாலே பிடிக்காத ரெய் என்ற பெண்ணை மேடையில் ஏற்றிப் பாட வைக்கிறார்கள். தோற்றுப்போன பகைத் தளபதி ஒருவன் கடைசியில் அந்தக் கரோகே விடுதியிலேயே சிப்பந்தி வேலை பார்க்கிறான். ஆனால் கதையின் நரம்பு மினாகோ என்ற பெண்ணிடம் இருக்கிறது. வெள்ளிக் கிரகத்து வீராங்கனை. ஊரே கொண்டாடும் பாடகி. அவளுக்குத் தீராத நோய். சிகிச்சை வேண்டாம், முற்பிறவியில் ஏற்ற கடமையை முடித்தால் போதும் என்கிறாள். ரெய் மட்டும் அவளோடு பகுதிக்குப் பகுதி மல்லுக்கு நிற்கிறாள்: போன ஜன்மம் போகட்டும், இந்த ஜன்மத்தில் நீ வாழ வேண்டாமா? பூர்வ ஜன்மம் என்ற வார்த்தை வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்பே தேவைப்படாத இடம் அது.

தொடர் முடிய மிகச் சில பகுதிகளே இருக்கையில் மினாகோ இறந்துபோகிறாள். பகைவன் கொல்லவில்லை, நோய் கொல்கிறது. உலகத்தைக் காப்பாற்றும் மந்திரம் அத்தனையும் தோழிகள் கையில் இருக்கிறது. அதில் எதுவும் இதற்குப் பயன்படவில்லை. தட்டுக் கழுவியதும் துஷ்டரைத் திருத்தியதுமாக இத்தனை வருஷங்களாக மந்திரம் செய்துவந்த வேலைகளை எண்ணிப் பார்த்தேன். அன்று அது கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

அந்த இரவு என் மொழிபெயர்ப்பாளர் சட்டென்று நிறுத்திவிட்டாள். திரையில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். “என்னம்மா சொல்கிறாள்?” என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். தாவணிப் பருவம்கூட வராத அந்தப் பெண் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். அர்த்தம் தெரியாமலே நானும் மீதியைப் பார்த்து முடித்தேன்.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை, காரணம் வேறு. பல வருஷங்களுக்கு முன்பு ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். கதாநாயகியின் தங்கைக்கு இருதய நோய். 30-ஆவது அத்தியாயத்தில் அவள் சாக வேண்டும். அதை நோக்கித்தான் மொத்தக் கதையும் ஓடிற்று. 27-ஆவது வந்தபோது ஒரு கார்டு வந்தது. ‘என் பெண்ணுக்கும் இதே வியாதி. படுக்கையில் இருக்கிறாள். வாராவாரம் உங்கள் கதையை வாசித்துக் காட்டுகிறேன். அடுத்த மாதமும் வாசிக்கலாமா என்று மட்டும் எழுதுங்கள்.’ அவ்வளவுதான். கையெழுத்துக்குக் கீழே ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது, விலாசம் இல்லை.

அத்தியாயத்தை மாற்றினேன். தங்கை பிழைத்தாள், கடைசி அத்தியாயத்தில் அவளுக்குக் கல்யாணமே செய்து வைத்தேன். கதை நொண்டிற்று. விமர்சகர்கள் நொண்டியதைச் சரியாகவே எடுத்துச் சொன்னார்கள். புத்தகமாகப் போட்டபோது பழையபடி திருத்திவிடலாமா என்று கையெழுத்துப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கார்டும் அதற்குள்ளேயே இருந்தது. திருத்தவில்லை.

ஆகவே கொபாயாஷி அம்மையார் என்ன செய்யப் போகிறார் என்று பார்க்க எனக்கு ஒரு தனிப்பட்ட அக்கறை இருந்தது. அடுத்த இரவு அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். உஸாகி தன் காதலனைத் தன் வாளாலேயே கொல்ல நேர்கிறது; அந்தத் துக்கம் தாங்காமல் உலகத்தையே அழித்துவிடுகிறாள். குழந்தைகள் பார்க்கும் காலை ஏழரை மணித் தொடரில் கதாநாயகியே பிரளயம்! 2004 பிப்ரவரியிலிருந்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமைகளில், ‘ப்ரிட்டி க்யூர்’ என்ற புதிய சித்திரத் தொடர் இதே சிறுமிகளுக்காக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரில் இன்றுவரை புதுப்புதுச் சிறுமிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நிஜ நடிகைகளை வைத்து இந்த வகைத் தொடர் தொடர்ச்சியாக மறுபடியும் வர 2017 ஆயிற்று. அவர்கள் பாட்டும் நடனமுமாக வந்தார்கள்.

49-ஆம் பகுதி. உலகம் திரும்பி வருகிறது. மரம் வருகிறது, தெரு வருகிறது, காதலன் வருகிறான். மினாகோவும் வருகிறாள். கையில் மூட்டு வலியோ என்னவோ, மெதுவாக மூச்சு விட்டேன். அந்த அம்மையாருக்கும் யாராவது கார்டு போட்டிருப்பார்களோ என்று ஒரு க்ஷணம் நினைத்தேன். அதே வருஷம் நவம்பரில் வந்த தனிப் படத்தில் நாலு வருஷம் கழித்து உஸாகிக்குக் கல்யாணம். அதற்கும் மினாகோ உயிரோடு வருகிறாள். எல்லாம் என் கடைசி அத்தியாயம் போலவே இருந்தது.

“பார்த்தாயா, பிழைத்துவிட்டாள்” என்று சந்தோஷமாகத் திரும்பினேன்.

அந்தப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ அன்றைக்கு நான் அழுதேனே, அது என்ன ஆச்சு, மாமா?” என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்துபோய், பெட்டியிலிருந்து முதல் தகட்டைத் தேடி எடுத்து மறுபடியும் போட்டாள். ஐந்து பேரும் சின்னப் பெண்களாக இருந்தார்கள். மினாகோ தெருவில் ஒட்டிய விளம்பரப் படத்திலிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அர்த்தம் சொல்ல வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.