அரிட்டமும் அழற்சியும்

நுண்ணங்கிகளைக் கண்ணாற் காண்பதற்கு நெடுங்காலம் முன்னரே மனிதன் அவற்றைத் தன் பணிக்குப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டான். தோசை மாவும் தயிரும் கள்ளும் அதற்குச் சான்றாவன. மருத்துவத் துறையில் இக்கலையின் முதிர்ச்சியைக் காட்டுவன ஆயுள்வேதத்து ஆசவங்களும் அரிட்டங்களுமாம். சரக சங்கிதையின் சூத்திரத்தானம் தானியம், கனி, வேர், பூ, பட்டை முதலிய ஒன்பது வகை மூலங்களிலிருந்து பெறப்படும் 84 ஆசவங்களைக் கணக்கிட்டுக் கூறுகின்றது. சரக்குகளைக் காய்ச்சாது நொதிக்க வைப்பது ஆசவம் எனவும், கியாழமாகக் காய்ச்சி நொதிக்க வைப்பது அரிட்டம் எனவும் பின்வந்த சார்ங்கதரர் வேறுபடுத்தினார். கியாழத்துடன் வெல்லமோ தேனோ கூட்டித் தாதகிப்பூ இட்டு, கலத்தின் வாயை மண்பூசிய சீலையாற் கட்டி வைப்பது மரபு. அதில் தானே தோன்றும் மதுசாரம் மருந்தைக் கெடாமற் காக்கும்.

இவ்வரிட்டங்கள் வீக்கத்துக்கும் வழங்கப்பட்டன. சரகத்தின் சிகிச்சைத்தானத்து 12ஆம் அத்தியாயம் வீக்கத்தையே பொருளாகக் கொண்டது. மூக்கிரட்டை சேர்ந்த புனர்நவாதி அரிட்டம் அங்குக் கூறப்படுகின்றது. எனினும் வீக்கம் யாவும் அழற்சியன்று. நீர் கோத்தலாலும் உடல் வீங்கும். ஆதலின் பண்டையோர் மருந்து கூறிய வீக்கம் அனைத்தையும் இக்கால அழற்சியோடு ஒன்றாக்குதல் பிழையாகும். அழற்சிக்கு அண்மையில் நிற்பது சுசுருதரின் கூற்றே. கட்டியானது பழுக்காத நிலை, பழுக்கும் நிலை, பழுத்த நிலை என மூன்று நிலைகளை உடையதென்றும், அவற்றை அறிந்தே மருத்துவன் கத்தி எடுத்தல் வேண்டுமென்றும் அவர் விதித்தார். மேனாட்டில் கி.பி. முதலாம் நூற்றாண்டில் செல்சசு என்னும் உரோமர் செம்மை, வீக்கம், வெப்பம், வலி என நான்கு குறிகளை வகுத்தார். குறிகளை இருதிறத்தாரும் கண்டனர். உள்ளே நிகழ்வதைக் காணும் கருவி எவரிடத்தும் இருந்ததில்லை.

அக்குறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீங்கிற்று. நொதித்தல் உயிருள்ள நுண்ணங்கிகளின் செயலென 1857 முதலாகப் பாசுச்சர் நிறுவினார். 1882இல் மெசினா நகரில் உருசிய அறிஞர் மெச்சினிக்கோவ் நட்சத்திரமீனின் குடம்பியுள் முள்ளொன்றைக் குத்தினார். நடமாடும் குழியங்கள் அம்முள்ளைச் சூழ்ந்து திரண்டன. உடலுட் புகுந்த பகையை விழுங்கும் இக்குழியங்களின் போரே அழற்சியின் உட்பொருள் என அவர் கொண்டார். 1908இல் எர்லிக்குடன் அவருக்கு நோபெற் பரிசு கிடைத்தது. நொதித்த பாலை அவர் பெரிதும் போற்றியமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்விரு நெறிகளும் ஓரிடத்தில் கூடியதை 1993இல் வெளிவந்த ஓர் ஆய்விற் காணலாம். ஒல்லாந்து, இலங்கை ஆகிய இரு நாட்டாரும் சேர்ந்து, வேம்பினாற் செய்யும் நிம்பாரிட்டத்தைச் சோதித்தனர். தாதகிப்பூ அதில் செய்யும் தொழில் யாது என்பதே வினா. நொதிக்கச் செய்யும் நுண்ணங்கிகளைப் பூவே கொணர்கின்றது என்பது பலர் கருத்து. ஆய்வு அதனை மறுத்தது. மதுசாரம் ஆக்கும் நுண்ணங்கிகளுக்குப் பூ மூலமன்று. சுக்குரோசைப் பிளக்கும் நொதியத்தின் செயலையே அது மிகுவித்தது. பின்னர் மனிதக் குருதியின் நிரப்புப் புரதங்கள் மீதும், மதுவத்தின் சுவரிலிருந்து பெற்ற சைமோசனாற் தூண்டப்பட்டு ஒளிரும் வெண்குழியங்கள் மீதும் அரிட்டம் சோதிக்கப்பட்டது. பூச் சேர்த்த அரிட்டத்தின் ஆற்றல் பெரிதும் மிகுந்திருந்தது. ஆயின் அம்மிகுதி நுண்ணங்கிகளால் விளைந்ததன்று. பூவினின்று கசிந்த பொருள்களால் விளைந்தது.

இம்முடிபு இருசாரார்க்கும் பாடமாகும். பூவை இடுக என்ற முன்னோர் விதி வெறும் வழக்கமன்று என்பது தெளிந்தது. அதற்குப் பிற்காலத்தார் கற்பித்த காரணமோ முழுதும் நிலைக்கவில்லை. மேலும், கண்ணாடிக் குழாயினுட் குழியங்கள் மாறுதல் ஒன்று. நோயாளியின் வீக்கம் தணிதல் மற்றொன்று. குடித்த மருந்து செரித்துக் குருதியில் எவ்வளவு சேரும் என்பதைக் குழாய் கூறாது. அதனை நோயாளரிடத்து முறைப்படி சோதித்தே துணிதல் வேண்டும். பழையது என்பதனாற் புகழ்தலும், பழையது என்பதனால் இகழ்தலும் ஆராய்ச்சியாகா. விதியையும் அதற்குக் கூறப்படும் காரணத்தையும் வேறுபிரித்து ஆராயப் பழகும் மாணவரே முன்னோர் நூல்களுக்கு உண்மையான உரிமையாளர் ஆவர்.