முள்கரண்டியும் ஒரு தாய்க்கு வந்த கடிதமும்

போன மார்கழியில் என் பிள்ளை ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு நாக்பூருக்கு வந்திருந்தான். 7 வயதுப் பேரனுக்கு இட்லி என்றால் உயிர். ஆனால் கையால் தொடமாட்டான். கூடவே கொண்டுவந்திருந்த சின்ன முள்கரண்டியால் குத்தி, கத்தியால் நறுக்கி, மிளகாய்ப்பொடியில் ஒற்றிப் பதவிசாகச் சாப்பிட்டான். 89 வயதாகும் என் அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபமில்லை, வேடிக்கைதான். "ஏண்டா, இந்த முள்ளை முதல்ல கையில எடுத்தவன் யாருடா?" என்று என்னைக் கேட்டாள்.

ரிடையர் ஆனவனிடம் இப்படி ஒரு கேள்வியைப் போட்டால் சும்மா இருப்பானா? தேடித் தேடிப் படித்தேன். முள்கரண்டியைத் தேடிப் போன எனக்கு ஒரு தாயும் பிள்ளையும் அகப்பட்டார்கள். அந்தக் கதையின் பாதி நம் அஜ்மீரிலும் ஆக்ராவிலும் சூரத்திலும் நடந்தது என்பதால் அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றியது.

வெள்ளைக்காரர்கள் ஆதிகாலம் தொட்டே மேஜையில் கத்தியும் முள்ளுமாகச் சாப்பிட்டார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. 400, 500 வருஷங்களுக்கு முன்பு ஐரோப்பாவில் பிரபுக்கள் வீட்டிலும் கைதான். நடுவில் பெரிய தட்டில் மாமிசம் இருக்கும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் அதில் கைவிட்டு எடுப்பார்கள். ஆளுக்கு ஒரு கத்தி உண்டு. முள்கரண்டி இருந்ததெல்லாம் சமையலறையில், பெரிய துண்டைப் பிடித்து அறுப்பதற்காக. 11ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்திலிருந்து வெனிஸ் நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் இளவரசி தங்க முள்ளால் சாப்பிட்டாள் என்பதற்காகப் பாதிரிமார்கள் அவளைக் கண்டபடி ஏசினார்கள். பிற்பாடு அவள் நோயில் விழுந்து இறந்தபோது, கடவுள் கொடுத்த தண்டனை என்றே சொன்னார்கள்!

1530இல் எராஸ்மஸ் என்ற மகாபண்டிதர் சிறுவர்களுக்கு நல்லொழுக்கம் சொல்லித்தர லத்தீனில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். சாப்பாட்டைப் பற்றி அதில் அவர் சொல்லும் புத்திமதிகளைப் படித்தால் நம் பாட்டிமார்கள் ஞாபகம் வருகிறது. கடித்த துண்டைத் திரும்பப் பொதுக் கிண்ணத்தில் தோய்க்காதே, பிசுக்குப் படிந்த விரலை நக்காதே, சட்டையில் துடைத்துக்கொள்ளாதே, பந்தியில் உட்கார்ந்ததும் முதல் ஆளாகக் கையை நீட்டாதே என்று போகிறது. எச்சில் என்ற ஒரு சொல் அவர்கள் பாஷையில் இருந்திருந்தால் அவருக்குப் பாதிப் புத்தகம் மிச்சமாகியிருக்கும்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்தில் இந்த முள்ளைப் பிரபலமாக்கிய பெருமையைத் தாமஸ் கோரியட் என்பவருக்குக் கொடுப்பது வழக்கம். சாமர்செட் பகுதியில் ஆட்கம் என்ற கிராமம். தகப்பனார் அந்த ஊர்ப் பாதிரியார், 1607இல் காலமாகிவிட்டார். தாயார் பெயர் கெர்ட்ரூட். பிள்ளைக்கு நல்ல படிப்பு, லத்தீனும் கிரேக்கமும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நிலையான உத்தியோகம் கிடையாது. பட்டத்து இளவரசர் ஹென்றியின் அரண்மனையில் கிட்டத்தட்ட விதூஷகன் மாதிரிக் காலம் தள்ளினார். தகப்பனார் போன மறு வருஷம், 1608 மே மாதம், கிளம்பிவிட்டார். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஹாலந்து என்று ஐந்து மாதத்தில் 1,975 மைல். அதில் பெரும்பகுதி நடை. திரும்பி வந்து, தேய்ந்துபோன அந்தச் செருப்பை ஆட்கம் மாதா கோயிலில் மாட்டிவைத்தார். 1611இல் அந்தப் பயணத்தைத் தடியான புத்தகமாக வெளியிட்டார்.

அந்தப் புத்தகத்தில்தான் முள்கரண்டி வருகிறது. இத்தாலியில் எல்லா ஊரிலும் மாமிசத்தை ஒரு கையில் முள்ளால் பிடித்துக்கொண்டு மறு கையில் கத்தியால் அறுக்கிறார்கள், பொதுத் தட்டில் யாராவது விரல் வைத்தால் மற்றவர்களுக்குப் பொறுக்காது, எல்லோருடைய விரலும் ஒரேபோலச் சுத்தமாக இருப்பதில்லை என்று காரணம் சொல்கிறார்கள் என்றெல்லாம் எழுதுகிறார். முட்கள் பெரும்பாலும் இரும்பு அல்லது எஃகு, கனவான்களிடம் மட்டும் வெள்ளி. கோரியட் தாமும் பழகிக்கொண்டு, ஊர் திரும்பிய பிறகும் முள்ளாலேயே சாப்பிட்டார். நண்பர்கள் விடுவார்களா? ஒருவர் அவருக்கு 'ஃபர்சிஃபர்' என்று லத்தீனில் பட்டப்பெயர் வைத்தார். முள்ளைச் சுமப்பவன் என்றும் பொருள், தூக்குமரத்துக்குப் போகவேண்டிய போக்கிரி என்றும் பொருள்!

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தேன். இத்தாலிக்காரன் சொன்ன காரணமும், நம் வீடுகளில் எச்சில், பத்து என்று சொல்லி வளர்த்த காரணமும் ஒன்றேதான்: அடுத்தவன் கை பட்டதை நான் தின்னக்கூடாது. ஆனால் நமக்கு ஆளுக்கொரு இலை. பரிமாறுகிறவர் கரண்டியால் போடுகிறார், என் கை என் இலைக்குள்தான். அதனால் கை போதுமானதாக இருந்தது. அவர்களுக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரே தட்டு. அதனால் கைக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு கருவி வேண்டியிருந்தது. இதில் யார் உசத்தி என்ற பேச்சுக்கு இடமே இல்லை என்பது என் அபிப்பிராயம். அங்கேயும் இந்த வழக்கம் லேசில் ஊன்றவில்லை. பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயி 1715இல் கண் மூடும்வரை விரல்களையே நம்பினாராம்.

கோரியட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. 1612இல் மறுபடி கிளம்பினார். தாயாரை ஆட்கத்தில் விட்டுவிட்டு கான்ஸ்டான்டிநோபிள், ஜெருசலேம், அலெப்போ. அங்கிருந்து பாரசீகம் வழியாக நடந்தே 1615 ஜூலையில் அஜ்மீருக்கு வந்து சேர்ந்தார். அப்போது ஜஹாங்கீர் பாதுஷாவின் தர்பார் அங்கே இருந்தது. அலெப்போவிலிருந்து பத்து மாதத்துக்கு ஆன செலவு மொத்தம் மூன்றே பவுன், அதிலும் பத்து ஷில்லிங்கை வழியில் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று லண்டன் நண்பர்களுக்கு எழுதினார். அந்த வருஷக் கடைசியில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் தூதராக சர் தாமஸ் ரோ அஜ்மீருக்கு வர, கோரியட் அவர் ஜாகையில் ஒட்டிக்கொண்டார்.

மனிதர் பாஷைகளில் கெட்டிக்காரர். பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் கற்றுக்கொண்டார். தூதர் வீட்டு வண்ணாத்தி ஒருத்தி, பொழுது விடிந்தால் அடையும்வரை எல்லோரையும் திட்டித் தீர்ப்பாளாம். ஒரு நாள் கோரியட் அவள் பாஷையிலேயே பதிலுக்குப் பிடித்துக்கொண்டு, காலை 8 மணிக்குள் அவளை வாயடைக்க வைத்துவிட்டார் என்று தூதரின் பாதிரியார் எட்வர்ட் டெர்ரி எழுதிவைத்திருக்கிறார். இதே டெர்ரி, நூர்ஜஹானின் சகோதரர் ஆசஃப்கான் கொடுத்த ஒரு விருந்தையும் விவரிக்கிறார். தரையில் விரிப்பு போட்டு, ஆளுக்குத் தனித்தனியாக வெள்ளிக் கிண்ணங்கள். சாதமே வெள்ளை, குங்குமப்பூ மஞ்சள், பச்சை, ஊதா என்று பல நிறம். விருந்து கொடுத்தவரைவிடத் தூதருக்குப் பத்துக் கிண்ணம் கூடுதல், பாதிரியாருக்குப் பத்துக் கிண்ணம் குறைவு. அந்தக் குறைந்த கணக்கே ஐம்பது! முள்கரண்டி இல்லாத தேசத்தில் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1616 அக்டோபர் 31ஆம் தேதி, ஆக்ராவிலிருந்து கோரியட் தம் தாயாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. பாதுஷாவின் ஜன்னலுக்குக் கீழே நின்று பாரசீகத்தில் தாம் பேசிய பேச்சை அதில் பெருமையோடு சொல்கிறார். தங்கள் திருமுகத்தைப் பார்க்க வந்தேன், யானைகளைப் பார்க்க வந்தேன், கங்கையைப் பார்க்க வந்தேன், சாமர்கண்டில் தைமூரின் சமாதியைக் காணத் தங்கள் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். ஜஹாங்கீர் அனுமதிச் சீட்டு தரவில்லை. ஆனால் மேலிருந்து நூறு வெள்ளி ரூபாயை இறக்கினார். ஓர் ஆங்கிலேயன் கை நீட்டிப் பிச்சை எடுப்பதா என்று தூதர் ரோ கோபித்துக்கொண்டதையும், தாம் திருப்பிக் கொடுத்த பதிலையும்கூட மறைக்காமல் அம்மாவுக்கு எழுதுகிறார்.

பிறகு வருவது பணக் கணக்கு. கையில் சுமார் பன்னிரண்டு பவுன் இருக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு பென்ஸில் நன்றாகச் சாப்பிட முடிகிறது, ஆசியாவில் தின்பண்டம் எல்லாம் அத்தனை மலிவு, குடிப்பதற்குச் செலவே இல்லை, ஏனென்றால் சுத்தத் தண்ணீரைத் தவிர வேறெதையும் அனேகமாகத் தொடுவதில்லை, இந்தப் பணம் சோற்றுக்கும் துணிக்கும் மூன்று வருஷம் தாராளமாகக் காணும் என்கிறார். நாற்பதை எட்டப்போகிற பிள்ளை, தனியாக இருக்கும் தாய்க்குச் சொல்கிற சமாதானம் இது. முடிவில், கீழ்ப்படிதலும் அன்பும் உள்ள மகன் என்று கையெழுத்திடுகிறபோது, இப்போது உலகத்தில் நாதியற்ற யாத்திரிகன் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அவ்வளவு நேரம் சொன்ன சமாதானம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு ஹரித்வார்வரை போனார். ஆசைப்பட்ட கங்கையைப் பார்த்தார். 1617இல் மாண்டு நகரில் தூதரின் முகாமுக்கு வந்தபோது உடம்பு போய்விட்டது. ஒரு நாள் நின்றபடியே மயங்கிச் சாய்ந்தார். வழியில் எங்காவது செத்து, என்ன ஆனான் என்று ஊரில் யாருக்குமே தெரியாமல் போய்விடுமோ என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வியாபாரி, மன்னரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன், அந்த முட்டாள் இன்னும் உயிரோடிருக்கிறானா என்று கேட்டார் என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தை அவரை ரொம்பவும் வருத்தியதாம்.

நவம்பரில் சூரத்துக்குப் புறப்பட்டார். ஏற்கெனவே வயிற்றுப்போக்கு. சூரத்தில் இருந்த ஆங்கிலேய வியாபாரிகள் பிரியமாக வரவேற்றார்கள். கப்பலில் வந்த 'சாக்' என்ற ஸ்பானிய ஒயின் அவர்களிடம் இருந்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் பல வருஷத்து ஊர் ஏக்கம் பொங்கியதோ என்னவோ, கேட்டு வாங்கிக் குடித்தார். வயிற்றுப்போக்கு முற்றி, அந்த டிசம்பரிலேயே முடிந்துபோனார். சூரத்துக்கு அருகே புதைத்தார்கள். அந்தக் காலத்தில் காற்றுப் பருவம் பார்த்துத்தான் கப்பல் விடுவார்கள். சூரத்திலிருந்து ஒரு கடிதம் லண்டன் போய்ச் சேரவே பல மாதம். தாயாருக்கு எழுதிய அந்தக் கடிதம் 1618இல் லண்டனில் சின்னப் புத்தகமாக அச்சாகி வந்தபோது, எழுதியவர் இல்லை. கெர்ட்ரூட் அம்மாள் 1645வரை இருந்தார்.

நானும் 1979இல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வடக்கே வந்தவன். 'க்ஷேமம், உபயகுசலோபரி' என்று தொடங்கி வாரம் ஒரு இன்லண்டு லெட்டர் போடுவேன். மெஸ்ஸில் சாப்பாடு நன்றாக இருக்கிறது, தினமும் ரசம் போடுகிறார்கள் என்று தவறாமல் எழுதுவேன். அது சுத்தப் பொய். கடுகெண்ணெய் வாசனை தாங்காமல், முதல் ஆறு மாதம் பாதி நாள் ரொட்டியும் வாழைப்பழமும்தான். இன்று என் பிள்ளை வீடியோவில் தட்டையே காட்டிவிடுகிறான், எழுத வேண்டிய அவசியம் இல்லை. தட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைக் காட்டமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

பேரன் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம், இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். பாதுஷா, யானை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். இரண்டு பென்ஸ் கணக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தண்ணியைத் தவிர ஒண்ணும் தொடறதில்லேன்னு அம்மாக்கு எழுதினானாக்கும்?"

"ஆமாம்மா."

"அவ நம்பியிருக்கமாட்டா" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ மெஸ்ல ரசம் போடறான்னு எழுதினியே, அது மாதிரிதான்" என்றாள்.

46 வருஷம் கழித்து இன்றுதான் தெரிகிறது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பேரனைப் பக்கத்தில் கூப்பிட்டு, தட்டில் இருந்த தயிர் சாதத்தை உருட்டி அவன் கையில் வைத்தாள். அவன் ஒரு வினாடி என்னைப் பார்த்தான். பிறகு வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த உருண்டைக்குக் கையை நீட்டினான்.