கோடக்கன்பிள்ளை வழக்கும் கீழ்நிலை விசாரணையும்

எழுத்தாணை வழக்குகளில் உயர் நீதிமன்றில் வாதாடியோரின் பெயர்களே நிலைபெறுகின்றன. ஆயின், அவ்வாதத்துக்கு வேண்டிய சான்றுகள் கீழ்நிலை விசாரணையிலேயே பதிவாகவேண்டியவை. உறுதிகேள் எழுத்தாணை விண்ணப்பம் மறுவிசாரணை அன்று. விசாரித்தவர் தம் அதிகாரத்தை மீறினாரா, பதிவேட்டிலேயே சட்டத் தவறு வெளிப்படுகின்றதா என்பனவே அங்கு எழும் வினாக்கள். புதிய சாட்சிகளை அழைத்துக் குறை நிரப்புதல் அரிது. மலையகத் தமிழரின் வாக்குரிமை பற்றிய கோடக்கன்பிள்ளை வழக்கை இந்நோக்கில் ஆராய்தல் தகும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையிற் பிறந்த ஒருவர் தம் தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்தமையைக் காட்டவேண்டியிருந்தது. தோட்ட லயங்களில் வாழ்ந்தோர் பூட்டனின் பிறப்புக்கு எங்கிருந்து அத்தாட்சி கொணர்வர்? 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமோ குடியுரிமையற்றோரை வாக்காளர் இடாப்பினின்றும் விலக்கியது. ருவன்வெல்லைத் தொகுதி இடாப்பிற் பெயர் மறுக்கப்பெற்ற கோடக்கன்பிள்ளை மீளாய்வு அலுவலர் சிவஞானசுந்தரத்தின் முன் உரிமை கோரினார். ஒரு சமூகத்தவர் மீது மட்டும் இயலாமையைச் சுமத்துவதைத் தடுத்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு இச்சட்டங்கள் முரணானவை என அலுவலர் துணிந்து தீர்ப்பளித்தார்.

பதிவு அலுவலர் தரப்பில் முதனாயக்க உறுதிகேள் எழுத்தாணை கோரினார். 1951இல் உயர் நீதிமன்று அத்தீர்ப்பை நீக்கியது. சட்டத்தின் சொற்கள் தெளிவானவை. ஆதலின் நடைமுறை விளைவும் நோக்கமும் பொருட்படுத்தத்தக்கன அல்ல என்பது அதன் நிலைப்பாடு.

1953இல் கோமறைக் கழகம் இவ்வளவு இறுக்கமாக நிற்கவில்லை. நேரடியாகச் செய்ய இயலாததை மறைமுகமாகச் செய்யும் சட்டமும் செல்லாததாகலாம் என அது ஏற்றது. ஆனால் அத்தகைய திட்டம் இருந்தமையை எதிர்ப்பவரே நிறுவவேண்டும் என்றது. ஆணைக்குழு அறிக்கைகளைக் கவனத்திற் கொள்ளலாம் எனவும் கூறிற்று. அவ்வாறு கொள்ளப்பட்ட சோல்பரி அறிக்கையே, இந்தியத் தமிழர் இடம்பெயரும் இயல்பினர் என்பதற்கு ஆதாரமாகி, மேன்முறையீட்டாளருக்குப் பாதகமாயிற்று! அக்கூற்றை மறுக்கத் தலைமுறை தலைமுறையான வதிவிடத்துக்கும், விலக்கப்பட்டோரின் தொகைக்கும் சான்று வேண்டும். அவற்றைத் திரட்டுதற்குரிய களமோ, இடாப்பில் ஒரு பெயரைச் சேர்ப்பதற்கென அமைந்த சுருக்கமான விசாரணை. அரசியலமைப்பு வழக்கொன்றின் முழுப் பாரத்தையும் அது தாங்கவேண்டியிருந்தது என்பதே இவ்வழக்கின் அவலம்.

மேன்முறையீடு முடிவதற்கு முன்னரே 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் நடந்தேறியது. இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஒருவரேனும் தெரிவாகவில்லை.