காப்புக்கட்டு: ஒரு சாயங்காலத்தோட பேர்

பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலத்தை எங்க தருமபுரி பக்கம் 'காப்புக்கட்டு'ன்னு சொல்வோம். பெங்களூர் ஆபீஸ்ல இதைச் சொன்னா, சென்னை நண்பன் "போகின்னு சொல்லுடா"ங்கறான்.

நாள் ஒண்ணுதான், சொல் வேற. 'போகி' வடமொழி. இன்பம் நுகர்கிறவன்னு பொருள், இந்திரனோட பேர். பழசைப் 'போக்கி'னதால போகின்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அது பின்னால ஒட்டவச்ச விளக்கம். தெலுங்குலயும் இதே பேர்தான். அங்க 'போக்கி' எங்கிருந்து வரும்?

'காப்பு' நம்ம சொல். 'கா'ன்னா பாதுகாக்கிறது. காவல், காவலன், காப்பகம் எல்லாம் அதே வேர். எல்லை தாண்டினா கன்னடத்துல 'காயு'. பழைய நூல்கள் தொடங்கும்போது கடவுளை வேண்டுற பாட்டுக்கும் காப்புன்னுதான் பேர்.

அன்னைக்கு பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூணையும் கொத்தாக் கட்டி வீட்டுக் கூரை, மாட்டுக் கொட்டகை, கிணறு, வயல்னு செருகுவோம். கபிலரோட குறிஞ்சிப்பாட்டு அடுக்குற 99 பூக்கள்ல ஆவிரையும் பூளையும் இருக்கு.

இங்கிலீஷ் 'ஹாலோவீன்'ல கடைசி 'ஈன்' சாயங்காலம்தான். அது நேரத்தைச் சொல்லுது. காப்புக்கட்டு, செய்ய வேண்டிய வேலையைச் சொல்லுது. அதனாலதான் பயமா இருக்கு: பூளை தரிசுல தானா முளைக்கிற செடி. தரிசெல்லாம் பிளாட் ஆச்சுன்னா, எதை எங்க கட்டுறது? வேலை நின்னா சொல்லும் நிக்கும்.

உங்க வீட்டுல அந்தச் சாயங்காலத்துக்கு என்ன பேர்? பாட்டிகிட்ட கேட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க.