ஒலிபெருக்கி எதையும் பெருக்குவதில்லை

‘ஒலிபெருக்கி’ என்று நாம் அழைக்கும் கருவி ஒலியைப் பெருக்குவதில்லை. அதனுள் ஒலி நுழைவதே இல்லை, நுழைவது மின்னோட்டம். அம்மின்னோட்டத்தை அது ஒரு கூம்புத் தாளின் அசைவாக மாற்றி, அவ்வசைவைக் காற்றில் ஒலியாக்குகிறது. இதைக்கூட அது சிக்கனமாகச் செய்வதில்லை. வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை தாம் பெறும் மின்னாற்றலில் நூற்றில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் ஒலியாக்குகின்றன; எஞ்சியது வெப்பமாகிப் போகிறது. பெருக்குவது வேறொரு கருவி. அதற்கு ஆம்ப்ளிஃபயர் என்று பெயர்.

இச்சொல்லைப் பற்றி யோசிக்கத் தூண்டியது புனேயின் ஹடப்சர் பகுதியிலுள்ள மகர்பட்டா நகரியத்தில் நண்பர் ஒருவரின் வீடு. பல மாதச் சேமிப்பில் விலையுயர்ந்த வெளிநாட்டு ஸ்பீக்கர் இணை ஒன்றை அவர் வாங்கியிருந்தார். திரைப்பாடல்களில் பேஸ் கிதாரின் ஒரு சுரம் மட்டும் வீங்கி முழங்கியது. பாடகர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. ஆம்ப்ளிஃபயரை மாற்றினார், பயனில்லை. இறுதியில் ஸ்பீக்கரையே விற்றுவிட எண்ணி, “ஒலிபெருக்கி சரியில்லை” என்றார். அவர் குற்றம் சாட்டிய கருவியில் குறையே இல்லை. அக்குற்றச்சாட்டுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

ஆங்கிலத்தின் ‘லவுட்ஸ்பீக்கர்’, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடிசன் போன்றோர் உருவாக்க முயன்ற ‘உரக்கப் பேசும் தொலைபேசி’ என்ற தொடரின் வழித்தோன்றல். பிரெஞ்சும் ஜெர்மனும் அதே பொருளில் தத்தம் சொற்களை அமைத்துக்கொண்டன. அம்மொழிகளில் கருவி பேசும் ஆளாகிறது. தமிழ் வேறு வழியில் சென்றது: பேசுபவர் மனிதராகவே இருக்கிறார், கருவி அவர் ஒலியைப் பெருக்குகிறது. மராத்தியில் காவல்துறை அனுமதி ஆணைகளிலும் கணபதி விழாச் செய்திகளிலும் இடம்பெறும் சொல் ‘த்வனிக்ஷேபக்’, அதாவது ஒலியை எறிவது. ‘த்வனிவர்தக்’ என்று நம்முடையதற்கு இணையான சொல்லும் அங்கு உண்டு. ஆயினும் கருவியின் உண்மையான பணிக்கு அருகில் நிற்பது எறிதலைச் சொல்லும் சொல்லே.

நம் சொல்லைத் தவறு என்று தள்ளிவிடுவது எளிது. அது பிறந்த சூழலில் அது தவறாகத் தோன்றியிருக்காது. 1915 டிசம்பர் 24 அன்று சான்பிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் தங்கள் ‘மேக்னவாக்ஸ்’ கருவியால் பெருந்திரளுக்கு இசையும் பேச்சும் கேட்கச் செய்தார்கள். 1919இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் சான்டியாகோவில் அதன் துணையோடு உரையாற்றினார். இந்தியாவில் 1930களின் காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலியமைப்பு தந்தது நானிக் மோத்வானேயின் ‘சிக்காகோ ரேடியோ’ நிறுவனம். காந்தியும் நேருவும் பேசும் பழைய புகைப்படங்களில் மைக்கின் மீது அந்நிறுவனத்தின் பெயரைக் காணலாம். கர்நாடக இசையின் குரல் மைக்கால் எவ்வாறு மாறியது என்பதை அமாண்டா வைட்மன் தம் 2006ஆம் ஆண்டு நூலில் விரிவாகப் பேசியிருக்கிறார்.

இந்நிகழ்வுகளுக்கு இரண்டு பொதுக்கூறுகள் உண்டு. ஒன்று, மைக், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ஆகிய மூன்றும் ஒரே கையிலிருந்து ஒரே தொகுப்பாக வந்தன. ஊர்த் திருவிழாவுக்கு ‘மைக்செட்’ கட்டுபவர் இன்றும் அப்படித்தான் வருகிறார். ‘மைக்செட்’ என்ற பேச்சுவழக்கு முழுத் தொகுப்பையும் அதன் முதல் உறுப்பால் சுட்டுகிறது. ‘ஒலிபெருக்கி’ என்ற எழுத்துவழக்கு நடு உறுப்பின் வேலையைக் கடைசி உறுப்பின் பெயராக்குகிறது. தொகுப்பு பிரியாதவரை இரண்டாலும் குழப்பமில்லை. மற்றொன்று, அவை பெரும்பாலும் திறந்த வெளியில் நிகழ்ந்தன. மரத்திலோ கம்பத்திலோ கட்டிய கூம்பு ஸ்பீக்கரின் ஒலி திடலைக் கடந்து போய்விடும். திரும்பி வர அங்கு சுவர்கள் இல்லை. எனவே ‘அறை’ என்றொரு கூறு அந்த அனுபவத்திலும் இல்லை, அதிலிருந்து பிறந்த சொல்லிலும் இல்லை.

வீட்டுக்குள் வந்தபோது கதை மாறியது. இன்று நாம் பயன்படுத்தும் கூம்புத்தாள் ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைசும் எட்வர்ட் கெலாக்கும் 1925இல் வெளியிட்டனர். அதை இயக்கப் போதிய ஆற்றலுள்ள ஆம்ப்ளிஃபயர் அன்றைய வீட்டு வானொலிகளில் இல்லை. ஆகவே ஆர்.சி.ஏ. நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஆம்ப்ளிஃபயரையும் அதே பெட்டிக்குள் வைத்தது. முதல் நவீன வீட்டு ஸ்பீக்கர் உண்மையாகவே ஒலிபெருக்கியாக இருந்தது!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ‘ஹை ஃபை’ இயக்கம் இப்பெட்டியைப் பிரித்தது. இரசிகர் ஆம்ப்ளிஃபயரை ஓரிடத்திலும் ஸ்பீக்கரை வேறிடத்திலும் வாங்கினார்; பொருத்தும் பொறுப்பு உற்பத்தியாளரிடமிருந்து அவரிடம் வந்தது. பொருத்தம் என்பது எத்தனை வேறுபட்ட பொருள்களில் அமைந்தது என்பதற்கு அக்காலத்தின் மூன்று ஸ்பீக்கர்கள் போதும்.

பால் கிளிப்ஷ் 1946இல் விற்கத் தொடங்கிய கிளிப்ஷ்ஹார்ன் அறையின் மூலையில் வைக்கப்பட வேண்டியது. அங்குள்ள இரு சுவர்களையே அது தன் கொம்பின் தொடர்ச்சியாகப் பயன்படுத்துகிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 105 டெசிபல் தரும். எட்கர் வில்சர் 1954இல் கொண்டுவந்த ஏ.ஆர்-1 இதற்கு நேரெதிர். சிறிய மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாக்கி ஆழ்ந்த பேஸை அது தந்தது. பெட்டி சிறுத்ததற்கு விலையாகக் கூடுதல் வாட் கேட்டது. டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் ஆற்றல் இரட்டிப்பாக வேண்டும். ஆகவே 86 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கர், கிளிப்ஷ்ஹார்ன் ஒரு வாட்டில் செய்வதைச் செய்ய ஏறத்தாழ 80 வாட் தேவை. மூன்றாவது, பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம் 1957இல் வெளியிட்ட நிலைமின் ஸ்பீக்கர். கூம்பும் காந்தமும் இன்றி, மெல்லிய படலம் ஒன்று மின்புலத்தில் அசைகிறது. மின்சுற்றின் பார்வையில் அது ஒரு மின்தேக்கி. உயர் அதிர்வெண்களில் அதன் இம்பீடன்ஸ் 2 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். குவாட்டின் 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் அதை இயல்பாக இயக்கியது. அதைவிட வாட் மிகுந்த பிற ஆம்ப்ளிஃபயர்கள் சில நிலைகுலைந்தன. விளம்பரத்தில் அச்சிடப்படும் வாட் எண் பொருத்தத்தின் ஒரு பகுதியை மட்டுமே சொல்கிறது என்பது அப்போது தெளிவாயிற்று. இம்மரபின் ஒரு கிளை புனேயிலும் உண்டு: கேடன்ஸ் என்ற நிறுவனம் நிலைமின் படலத்தையும் கூம்பு வூஃபரையும் இணைத்த ஸ்பீக்கர்களை இங்கிருந்து உருவாக்கியது.

ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்ற இருவர் பொருந்திய பிறகும் மூன்றாமவர் எஞ்சுகிறார். அவரை அறிவியல் முன்பே கண்டுகொண்டிருந்தது. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் பேசுவது புரியவில்லை என்ற புகார் இயற்பியலாளர் வாலஸ் சபைனிடம் வந்தது. அங்கு ஒலி அடங்க ஐந்தரை வினாடிகள் ஆயின. ஆர்கன் குழாய் ஒன்றையும் நேரங்காட்டியையும் வைத்துக்கொண்டு, அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் சுமந்து வந்து பரப்பி அளந்தார். எதிர்முழக்க நேரம் அறையின் கன அளவுக்கு நேர்விகிதத்திலும், ஒலியை உறிஞ்சும் பரப்புக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பது அவர் கண்ட விதி. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கு அவ்விதியின் துணையோடு அமைந்தது.

இனி மகர்பட்டாவுக்குத் திரும்பலாம். அந்நகரியம் எழுந்த 400 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் முன்பு பெருமளவும் கரும்பு வயல். ஏறத்தாழ 120 விவசாயக் குடும்பங்கள் நிலத்தை விற்காமல் ஒன்றுதிரட்டி, நில அளவுக்கேற்பப் பங்குதாரர்களாகி, 2000ஆம் ஆண்டளவில் கட்டுமானத்தைத் தொடங்கின. அங்குள்ள நண்பரின் கூடம் ஐந்து மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம், 2.9 மீட்டர் உயரம். கன அளவு ஏறத்தாழ 51 கனமீட்டர். தரையில் ஓடு, பூசிய சுவர்கள், கண்ணாடிக் கதவு. பரப்புகள் சராசரியாக ஐந்து விழுக்காடு ஒலியை உறிஞ்சுவதாகக் கொண்டால், சபைனின் விதிப்படி எதிர்முழக்கம் ஏறத்தாழ 1.9 வினாடி. சிறு கூடத்தில் கோயில் மண்டபத்தின் முழக்கம்! 12 சதுரமீட்டர் முழு உறிஞ்சலுக்கு நிகரான கனத்த திரைகள், கம்பளம், துணி மெத்தை, புத்தக அடுக்குகள் சேர்ந்தால் அது அரை வினாடியாகக் குறையும்.

வீங்கிய அந்த ஒரு சுரத்துக்குக் காரணம் நிலை அலை. ஐந்து மீட்டர் நீளத்தில் முதல் ஒத்ததிர்வு 34 ஹெர்ட்ஸிலும் இரண்டாவது 68 ஹெர்ட்ஸிலும் அமையும். இரண்டுக்கும் சுவரோரத்தில் அழுத்தம் உச்சம். அவருடைய சோபா பின்சுவரை ஒட்டியிருந்தது. அதை ஒன்றேகால் மீட்டர் முன்னால் இழுத்தோம். இரண்டாவது அலையின் அழுத்தம் ஏறத்தாழ இல்லாமற்போகும் இடம் அது. ஒரு பழைய பருத்தி மெத்தையைப் பின்சுவரில் சாய்த்து, தரையில் கம்பளம் விரித்தோம். பாடல் மீண்டும் ஒலித்தபோது சில நிமிடங்கள் அவர் ஒன்றும் பேசவில்லை. விற்பனை விளம்பரத்தை அன்றிரவே நீக்கிவிட்டார். கூடுதல் வாட் அவருக்குத் தேவைப்பட்டதுமில்லை: குடியிருப்புப் பகுதிகளில் சட்டம் அனுமதிக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45.

ஒலிக்கருவிகளின் வரலாற்றை எழுதும்போது மாணவர்கள் ‘ஒலிபெருக்கி’யைக் கையாள்வதில் கவனம் வேண்டும் என்பது என் வேண்டுகோள். 1930களின் மேடையைப் பற்றி எழுதுகையில் அது பொருத்தமான சொல். தொகுப்பு முழுவதையும் அது தாங்கும். 1950களுக்குப் பிந்தைய வீட்டைப் பற்றி எழுதுகையில் பெருக்கி, ஸ்பீக்கர், அறை ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சொல்ல வேண்டும். இல்லையேல் எந்தப் பணியை எது செய்தது, எந்தக் குறை எதனால் வந்தது என்பது நம் ஆய்வுகளிலும் மறைந்துவிடும். 1978இல் ஃபின்லாந்தின் ஜெனலெக் நிறுவனம் ஒலிபரப்பு நிலையத்துக்காக ஆம்ப்ளிஃபயரை மீண்டும் பெட்டிக்குள் வைத்தது. இன்று கைப்பேசியோடு இணையும் சிறு ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலும் அது உள்ளேயே இருக்கிறது. அவற்றை ஒலிபெருக்கி என்று அழைப்பதில் பிழையில்லை. அறை மட்டும் இன்னும் அச்சொல்லுக்கு வெளியேதான் இருக்கிறது. ஸ்பீக்கர் வாங்கப் புறப்படும் நண்பர்கள் முதலில் அதை அளந்துவிட்டுப் புறப்படுங்கள்.