ஸ்டவர்பிரிட்ஜின் ஏழு பாடல்கள்: டயமண்ட் ஹெட் இசைக்குழுவின் வரலாறு, 1976–2020

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் வரலாற்றை எழுதுகிறவர்கள் டயமண்ட் ஹெட் குழுவுக்குப் பெரும்பாலும் ஒரு பத்தி ஒதுக்குவார்கள். அதிலும் பாதி அமெரிக்கக் குழுவான மெட்டாலிகாவைப் பற்றியே இருக்கும். பெரிதாக வந்திருக்க வேண்டிய குழு, நிர்வாகம் சரியில்லாமல் வீணாய்ப் போயிற்று என்பது பரவலான தீர்ப்பு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் முதல் பதிப்பில் ஆயிரம் பிரதியே அச்சான, உறையில் பாடல் பட்டியல்கூட இல்லாமல் தபாலில் விற்பனையான ஓர் இசைத்தட்டின் ஏழு பாடல்களில் நான்கை, உலகப் புகழ்பெற்ற ஒரு குழு பின்னாளில் தானே பதிவுசெய்து வெளியிட்டது எப்படி என்பதை அந்தத் தீர்ப்பு விளக்குவதில்லை. குழு தளர்ந்ததற்கும் பாடல்கள் பரவியதற்கும் வேர் ஒன்றே என்பதும், அது 1980இல் அந்த இசைத்தட்டு வெளிவந்த விதத்தில் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஸ்டவர்பிரிட்ஜ், பர்மிங்ஹாமுக்கு மேற்கே ‘பிளாக் கன்ட்ரி’ எனப்படும் தொழில் வட்டாரத்தை ஒட்டிய ஊர். கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போனது. பிளாக் சப்பாத், ஜூடாஸ் பிரீஸ்ட் இரண்டும் இந்தப் பகுதியிலிருந்து எழுந்தவைதான். 1976 கோடையில் பள்ளிப் படிப்பை முடித்த பிரையன் டாட்லரும் டங்கன் ஸ்காட்டும் குழுவைத் தொடங்கியபோது டாட்லரிடம் இருந்தது மலிவான ஒரு எலெக்ட்ரிக் கிட்டார். ஸ்காட்டிடம் டிரம்ஸ் இல்லை, பிஸ்கட் டப்பாக்களைத் தட்டினார். குழுவின் பெயர் கிட்டாரிஸ்ட் பில் மன்சனேரா 1975இல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பு. பாடகராக ஷான் ஹாரிஸும், பின்னர் பேஸ் கிட்டாருக்குக் காலின் கிம்பர்லியும் சேர்ந்தார்கள். பாடல்களை டாட்லரும் ஹாரிஸும் சேர்ந்தே எழுதினார்கள். இந்தக் கூட்டு உரிமை பிற்பகுதிக் கதைக்கு மிக முக்கியம்.

1979 மே மாதம் ‘சவுண்ட்ஸ்’ வார இதழ் ‘பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பங்க் இசையின் ஆரவாரத்துக்கு நடுவிலும் ஊர் ஊராகக் கனமான கிட்டார் இசை வாசித்துக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு அந்தப் பெயர் ஒரு முகவரியாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் அயர்ன் மெய்டன் இஎம்ஐ நிறுவனத்தில் ஒப்பந்தமானது. ஷெஃபீல்டின் டெஃப் லெப்பர்டு அனுபவமுள்ள மேலாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. சாக்சனின் ‘வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’ 1980இல் விற்பனைப் பட்டியலின் மேல்வரிசைக்கு ஏறியது. 1980 தொடக்கத்தில் ஏசி/டிசி, அயர்ன் மெய்டன் ஆகியோருக்கு முன்னோடி நிகழ்ச்சி வாசித்த டயமண்ட் ஹெட்டுக்கு மட்டும் பெரிய நிறுவனம் எதுவும் அமையவில்லை. ஹாரிஸின் தாயாரும் உள்ளூர்த் தொழிற்சாலை உரிமையாளர் ஒருவரும் குழுவின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய அக்கறையைச் சந்தேகிக்க இடமில்லை. லண்டன் இசைத் தொழிலின் நெளிவுசுளிவுகள் அவர்களுக்குப் பிடிபட்டனவா என்பது வேறு கேள்வி.

நிறுவனம் வராததால் குழு தானே பதிவில் இறங்கியது. வொர்ஸ்டர் நகரின் ‘ஓல்டு ஸ்மிதி’ ஸ்டுடியோவில் ஒரே வாரத்தில் ஏழு பாடல்கள் பதிவாயின. ‘ஹேப்பி ஃபேஸ்’ என்ற பெயரில் 1980இல் இசைத்தட்டு வந்தது. வெறும் வெள்ளை உறை, அதன் மேல் குழுவினர் ஒருவரின் கையெழுத்து, அவ்வளவுதான். நிகழ்ச்சி அரங்குகளிலும், ‘சவுண்ட்ஸ்’ இதழில் விளம்பரம் கொடுத்துத் தபால் வழியாகவும் 3.50 பவுண்டுக்கு விற்றார்கள். பிற்பாடு முதல் பாடலின் பெயரால் ‘லைட்னிங் டு தி நேஷன்ஸ்’ என்று அழைக்கப்பட்ட இதைக் குழுவினர் முழுமையான ஆல்பமாகக்கூடக் கருதவில்லை. நிறுவனங்களிடம் காட்டுவதற்கான மாதிரிப் பதிவு என்றே எண்ணியிருந்தார்கள்.

மாதிரி என்ற நினைப்பே அதற்கு ஒரு சுதந்திரம் கொடுத்தது என்று தோன்றுகிறது. வானொலிக்கு ஏற்ற மூன்று நிமிடக் கட்டுப்பாடு இங்கே இல்லை. ‘ஆம் ஐ ஈவில்?’ ஏழு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. தொடக்கத்தில் வரும் போர்முரசு போன்ற தாளம், குஸ்தாவ் ஹோல்ஸ்ட் எழுதிய ‘கோள்கள்’ இசைத்தொகுப்பின் செவ்வாய்ப் பகுதியிலிருந்து கிளைத்தது. பிறகு கிட்டார் தனியாகச் சீறி எழுகிறது, கனத்த மெதுநடை ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார்த் துணுக்கு) ஒன்று வந்து பாட்டைத் தாங்குகிறது, நடுவழியில் வேகம் சட்டென்று கூடி இன்னொரு பாட்டோ என்று ஐயம் எழுகிறது. பல்லவி–சரண வரிசைக்குப் பதிலாக ரிஃப்களையே ஒன்றோடொன்று தொடுத்துப் பாடலைக் கட்டும் முறை இது. சராசரி டயமண்ட் ஹெட் பாடல் ஒன்றில் உள்ள நல்ல ரிஃப்கள், பிளாக் சப்பாத்தின் முதல் நான்கு ஆல்பங்களில் இருப்பவற்றைவிட அதிகம் என்று ‘சவுண்ட்ஸ்’ எழுதியது. மிகை என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் கட்டுமான முறையை அந்த விமர்சகர் சரியாகப் பிடித்திருக்கிறார். ‘ஹெல்ப்லெஸ்’, ‘தி பிரின்ஸ்’ இரண்டிலும் உள்ள விரைவு, சில ஆண்டுகளுக்குப் பின் ‘த்ராஷ்’ என்று பெயர்பெற்ற அமெரிக்க இசைக்கு மிக அருகில் நிற்கிறது.

தபாலில் போன பிரதிகளில் ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் குடியேறியிருந்த டேனிஷ் இளைஞர் லார்ஸ் உல்ரிக்கின் கைக்குச் சேர்ந்தது. 1981 கோடையில் அவர் விமானமேறி வந்து, லண்டன் வுல்விச் ஓடியனில் குழு வாசித்ததைக் கேட்டார். அறிமுகம் செய்துகொண்ட கையோடு ஸ்டவர்பிரிட்ஜுக்கே போய், டாட்லர் வீட்டிலும் ஹாரிஸ் வீட்டிலும் சில வாரங்கள் தங்கினார். அந்த அக்டோபரில் அவர் முயற்சியில் மெட்டாலிகா உருவானது. 1982 மார்ச் 14 அன்று அனஹைமில் அது நடத்திய முதல் நிகழ்ச்சியில் சொந்தப் பாடல்கள் இரண்டே. டயமண்ட் ஹெட் பாடல்கள் நான்கு. இவை பிறர் பாடல்கள் என்பதை அன்று மேடையில் யாரும் அறிவிக்கவில்லை, கேட்டவர்கள் மெட்டாலிகாவின் பாடல்கள் என்றே நினைத்துக்கொண்டார்கள். கடை அலமாரிக்கு வராத இசைத்தட்டு என்பதால் இது சாத்தியமாயிற்று. விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பி வாங்குகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவர்களில் தாமே கிட்டார் தூக்கத் துடித்தவர்கள் நிறைய. கேட்பவர்களைவிட வாசிப்பவர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்த இசை இது.

இதே காலத்தில் குழு எதிர்த் திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. எம்சிஏ நிறுவனம் ஒப்பந்தம் செய்து, 1982இல் ‘பாரோடு டைம்’ ஆல்பத்தை வெளியிட்டது. பிரிட்டிஷ் பட்டியலில் 24ஆம் இடம், குழு தொட்ட உச்சம் அதுவே. மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளைத் தழுவி ராட்னி மேத்யூஸ் வரைந்த ஆடம்பரமான உறை அதற்கு. பழைய ஏழில் இரண்டு பாடல்களைப் புதிதாகப் பதிந்தார்கள். பதிவு துல்லியமாகத்தான் இருக்கிறது, வெள்ளை உறைத் தட்டின் மூர்க்கம்தான் இல்லை. அந்த ஆகஸ்டில் ரெடிங் விழாவில் வேறொரு குழு வராமல்போக, கடைசி நேரத்தில் இவர்கள் மேடையேறினார்கள்.

அடுத்தது ‘கேன்டர்பரி’. பதிவு நடந்துகொண்டிருந்தபோதே ஸ்காட்டும் கிம்பர்லியும் குழுவிலிருந்து போய்விட்டார்கள். முதலில் அச்சான 20,000 பிரதிகளில் ஊசி தாவும் குறை இருந்தது. மெட்டலை விட்டுப் புதுமையான ராக் இசைக்குத் தாவிய அந்த ஆல்பம் 1983இல் 32ஆம் இடத்தோடு நின்றது. இதை வீழ்ச்சியின் சின்னமாகவே விமர்சகர்கள் காட்டுகிறார்கள். என் கணிப்பில் இதில் இரண்டு மூன்று பாடல்கள் துணிச்சலானவை, ஆனால் டானிங்டன் ராக் விழாவில் தலையாட்ட வந்த கூட்டத்துக்கு அவை தேவைப்படவில்லை. நிறுவனம் கைவிட்டது, 1985இல் குழு கலைந்தது.

பாடல்களுக்கு இனிமேல்தான் நல்ல காலம். ஓர் இசைத்தட்டில் இரண்டு உடைமைகள் அடங்கியுள்ளன. ஒன்று ஒலிப்பதிவு, மற்றது பாடலாக்கம். முதலாவதைப் பொறுத்தவரை டயமண்ட் ஹெட்டின் நிலை பரிதாபமானது. ஜெர்மனியின் வுல்ஃப் ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பிய மூல ஒலிநாடா பல ஆண்டுகள் திரும்பவில்லை. புதிய அலையைப் பற்றி உல்ரிக் 1990இல் தொகுத்த தொகுப்புக்காகத் தேடியபோதுதான் அது கிடைத்தது. பாடலாக்க உரிமையோ டாட்லர், ஹாரிஸ் இருவரிடமும் இருந்தது. பிறர் ஒரு பாடலைப் பதிவுசெய்து விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எழுதியவருக்கு உரிமைத்தொகை உண்டு. ‘ஆம் ஐ ஈவில்?’ 1984இல் மெட்டாலிகாவின் ‘கிரீப்பிங் டெத்’ தட்டின் மறுபக்கத்தில் வந்தது. 1988இல் மறுபதிப்பான ‘கில் எம் ஆல்’ ஆல்பத்திலும் சேர்ந்தது. ‘ஹெல்ப்லெஸ்’ 1987இல், ‘தி பிரின்ஸ்’ அடுத்த ஆண்டு, ‘இட்ஸ் எலெக்ட்ரிக்’ 1998இன் ‘கராஜ் இன்க்’ தொகுப்பில் என நான்கும் லட்சக்கணக்கில் விற்ற வெளியீடுகளுக்குள் நுழைந்தன. அந்த வருமானமே தன்னை இசைக்கலைஞனாக நீடிக்க வைத்தது என்று டாட்லர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கலைந்துபோன ஒரு குழு மீண்டும் மீண்டும் எழ முடிந்ததற்கு ரசிகர் அன்பைக் காரணம் சொல்வது வழக்கம். கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

1991இல் திரும்பி வந்த குழு, 1993இல் ‘டெத் அண்ட் பிராக்ரஸ்’ வெளியிட்டது. பிளாக் சப்பாத்தின் டோனி ஐயோமியும் மெட்டாலிகாவின் முன்னாள் கிட்டாரிஸ்ட் டேவ் மஸ்டெய்னும் அதில் பங்களித்தார்கள். அந்த ஜூனில் மில்டன் கீன்ஸ் திடலில் மெட்டாலிகாவுக்கு முன்னோடியாக வாசித்தபோது, ஹாரிஸ் கறுப்பு அங்கியில் மரணதேவன் வேடத்தில் மேடைக்கு வந்தார். புதிய அலை செத்துவிட்டது என்று சொல்லவே அந்த வேடம். சீடர்களின் கூட்டத்துக்கு முன்னால் குருவே இரங்கல் வாசித்ததுபோல் ஆயிற்று. குழு மறுபடி கலைந்தது. 2000க்குப் பின் மீண்டும் கூடி, 2004இல் ஹாரிஸ் விலக, நிக் டார்ட் பாடினார். 2014இலிருந்து பாடுபவர் ரஸ்முஸ் பாம் ஆண்டர்சன், உல்ரிக்கைப் போலவே டேனிஷ்காரர். ஆரம்பகால நால்வரில் எஞ்சியவர் டாட்லர் மட்டுமே.

2020இல் அவர்கள் பழைய ஏழு பாடல்களையும் புதிதாகப் பதிவுசெய்து வெளியிட்டார்கள். கூடவே, தாங்கள் பின்பற்றிய ஜூடாஸ் பிரீஸ்ட், லெட் செப்பலின், டீப் பர்பிள் பாடல்கள் ஒவ்வொன்றும் இருந்தன. நான்காவதாக, மெட்டாலிகாவின் ‘நோ ரிமோர்ஸ்’. 1984 முதல் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்த உரிமைத்தொகை, அந்த ஒரு பாடலுக்காவது ஸ்டவர்பிரிட்ஜிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போயிருக்கும்.