ஆடியது ஜாக்சன், ஆடிப்போனது சல்லிவன்

ஒரு பாட்டுக் கச்சேரிக்கு முன்பணம் கட்டின மனுஷன், கடைசியில் அப்பா ஆரம்பித்த ஃபுட்பால் அணியையும் அது ஆடின மைதானத்தையும் சேர்த்தே இழந்தார். கச்சேரி ஊத்திக்கிச்சான்னு கேட்டால், அதுதான் இல்லை. 55 கச்சேரி, ஏறக்குறைய 20 லட்சம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள், வசூல் 7.5 கோடி டாலர் பக்கம். பாடினவர் பேர் மைக்கேல் ஜாக்சன். வருஷம் 1984. 'திரில்லர்' ஆல்பம் உலகத்தையே ஒரு உலுக்கு உலுக்கியிருந்த நேரம். அப்புறம் எப்படி நஷ்டம்?

இந்தக் கேள்வி கொஞ்ச நாளாகவே என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. படித்ததை எல்லாம் கோர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் முன்கதை. மைதானத்தில் பாட்டுக் கச்சேரி வைக்கிற பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி என்று எல்லோரும் சொல்வது பீட்டில்ஸ் 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பாடியதைத்தான். 55,000 பேருக்கு மேல் கூட்டம். பேஸ்பால் மைதானத்தின் நடுவே சின்னதாய் ஒரு மேடை. பாடினது அரை மணி நேரம், மொத்தம் 12 பாட்டு. குரலுக்கு மைதானத்தின் ஒலிபெருக்கி, அதாவது ஆட்டக்காரர் பெயரை அறிவிக்க வைத்திருந்த குழாய். நம்ம ஊர் கோயில் திருவிழா மைக் செட்டே தேவலாம்! பெண்பிள்ளைகள் போட்ட கூச்சலில் பாடினவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. ஆனால் ஒன்று, அந்த மேடைக்குச் செலவு குறைவு. அது யார் கண்ணையும் மறைக்கவும் இல்லை.

இருபது வருஷத்தில் கதையே மாறிப்போச்சு. அரங்கத்துக்குள்ளே கச்சேரி என்றால் விளக்கையும் ஸ்பீக்கரையும் கூரையிலிருந்து தொங்கவிடலாம். திறந்த மைதானத்தில் எதில் தொங்கவிடுவது? கூரையையும் நாமே கொண்டு போகணும். இரும்புத் தூண், உத்தரம், மேல்தளம், மின்சாரம், புல்தரை நாசமாகாமல் இருக்க விரிப்பு, எல்லாமே லாரியில் வரணும். கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பாடகர் ஒரு கட்டெறும்பு சைஸில்தான் தெரிவார், அதனால் பெரிய திரையும் வேண்டும். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி இருப்பவருக்கு மேடைச் சத்தம் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதமாகத்தான் வந்து சேரும். நடுவில் இன்னொரு ஸ்பீக்கர் கோபுரம் வைத்தால் அதன் சத்தத்தையும் அதே அளவு தாமதப்படுத்தி விடணும், இல்லாட்டி ஒவ்வொரு வார்த்தையும் ரெண்டு தடவை கேட்கும். சுருக்கமாச் சொன்னா, ஊர் ஊராக ஒரு கட்டடத்தைக் கட்டி, மூணு நாள் பாடி, பிரித்து எடுத்துப் போகிற வேலை இது. நம்ம சர்க்கஸ் கூடாரக்காரர்களைக் கேட்டால் இதில் உள்ள கஷ்டத்தைச் சொல்வார்கள்.

சரி, ஜாக்சன் கதைக்கு வருவோம்.

மைக்கேலுக்கு அந்தச் சுற்றுப்பயணமே பிடிக்கவில்லை. தனியாக எங்கேயோ போய்விட்டவரை, சகோதரர்களோடு சேர்ந்து பாடச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டதால்தான் ஒத்துக்கொண்டார் என்பார்கள். 'விக்டரி' என்று பெயர். அதே பெயரில் அண்ணன் தம்பிகள் ஆல்பமும் வெளியிட்டார்கள், ஆனால் அதிலிருந்து ஒரு பாட்டுகூட மேடையில் பாடவில்லை (இது எந்த ஊர் விளம்பர உத்தியோ!). பெப்சி 50 லட்சம் டாலர் கொடுத்தது. அந்த விளம்பரப் படப்பிடிப்பில்தான் 1984 ஜனவரி 27 அன்று மைக்கேலின் தலைமுடியில் தீப்பிடித்தது. குத்துச்சண்டைப் போட்டிகள் நடத்துகிற டான் கிங் ஒரு பக்கம், அப்பா ஜோ ஜாக்சன் ஒரு பக்கம். ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். ஆனால் ஊர் ஊராக மைதானம் பிடித்து, மேடை போட்டு, டிக்கெட் விற்று, நஷ்டம் வந்தால் தாங்குகிற ஆள் யார்?

இங்கேதான் சக் சல்லிவன் உள்ளே வருகிறார்.

இவர் அப்பா பில்லி சல்லிவன், பாஸ்டன் பக்கத்து அமெரிக்கன் ஃபுட்பால் அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸை ஆரம்பித்தவர். பெரிய கோடீஸ்வரர் எல்லாம் இல்லை. மற்ற அணி முதலாளிகளை வைத்துப் பார்த்தால் நடுத்தரக் குடும்பம் மாதிரிதான். ஃபாக்ஸ்பரோ என்கிற சின்ன ஊரில் 1971ல் சிக்கனமாகக் கட்டின மைதானம், பேர் சல்லிவன் ஸ்டேடியம். மகன் சக் வக்கீல். அந்த மைதானத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். தங்கள் மைதானத்தில் ஜாக்சன் கச்சேரி வைக்க முடியுமா என்று விசாரிக்கப் போனவர், முழுச் சுற்றுப்பயணத்தையும் தானே நடத்துவதாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டு திரும்பினார். ஆழாக்கு அரிசி வாங்கப் போனவன் ரைஸ் மில்லையே விலை பேசின கதை.

அந்த ஒப்பந்தத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஜாக்சன் குடும்பத்துக்கு 3 கோடியே 66 லட்சம் டாலர் உத்தரவாதம். முதல் தவணை 1.25 கோடி டாலருக்கு மைதானமே அடமானம். இதைவிட முக்கியம் பங்கு. டிக்கெட் பணத்தில் 83.4% ஜாக்சன்களுக்கு. அதுவும் விற்ற டிக்கெட்டில் இல்லை சாமி, எல்லா டிக்கெட்டும் விற்றிருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அதில்! காலி நாற்காலிக்கும் சல்லிவன்தான் காசு கட்டணும். அப்போது வழக்கத்தில் இருந்த பங்கைவிட இது 25 புள்ளிகளாவது கூடுதல்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 50,000 பேர், டிக்கெட் 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம் (ஆள் எண்ணிக்கை மட்டும் என் உத்தேசம்). ஒரு கச்சேரிக்கு 15 லட்சம் டாலர். அதில் 83.4% போனால் மிச்சம் சுமார் 2.5 லட்சம். ஜூலை 6ல் ஆரம்பித்து டிசம்பர் 9ல் முடிந்தது, 22 வாரம், 55 கச்சேரி. வாரத்துக்கு ரெண்டரை. ஆக வாரத்துக்கு ஆறே கால் லட்சம் டாலர் கையில் நிற்கும். வாரச் செலவு எவ்வளவு தெரியுமா? பத்து லட்சம் டாலர்!

அதாவது கூட்டம் நிரம்பி வழிந்தாலும் டிக்கெட்டில் மட்டும் அவருக்குக் கட்டுப்படியாகாது. பனியன், தொப்பி, பார்க்கிங், தின்பண்டம் என்று சில்லறை தேற்றினால்தான் பிழைப்பு. ஒரு வக்கீல் இந்தத் தாளில் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஜாக்சன் என்கிற பேரின் மயக்கம்னுதான் நினைக்கிறேன்.

அடுத்த அடி மேடையிலிருந்து வந்தது. 365 டன் எடை, முப்பதுக்கும் மேற்பட்ட பெரிய லாரிகள். நிறுத்தினால் ஃபுட்பால் மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். ஆரம்பமே தடபுடல்தான். விசித்திர ஜந்துக்கள் வரும், கல்லில் செருகின வாளை உருவி ஒரு சகோதரர் அவற்றை வதம் செய்வார், அப்புறம்தான் பாட்டு. பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். ஆனால் மேடைக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் இருக்கிற நாற்காலிகளை யாருக்கு விற்பது? சில ஊர்களில் நாலில் ஒரு பங்கு இருக்கை வரைக்கும் இப்படி வீணாய்ப் போனது. மேடை பெரிசாகப் பெரிசாக, விற்கிற நாற்காலி குறையும்.

(இந்தச் சிக்கலுக்கு யூ2 குழு 2009ல் ஒரு பதில் கண்டுபிடித்தது. வில்லி வில்லியம்ஸும் கட்டடக் கலைஞர் மார்க் ஃபிஷரும் சேர்ந்து, நாலு கால் பூதம் மாதிரி 50 மீட்டர் உயரத்தில் ஒரு இரும்புக் கூட்டைக் கட்டினார்கள். மேடை அதன் அடியில், சுற்றிலும் எல்லாப் பக்கமும் ஜனம். பின்பக்கம் என்பதே கிடையாது. அந்தக் கூட்டில் மூன்று செட். ஒன்றில் பாடும்போது அடுத்த ஊரில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டிருப்பார்கள், மூன்றாவது லாரியில் போய்க்கொண்டிருக்கும். 2011 வரை 110 கச்சேரி, 70 லட்சத்துக்கு மேல் டிக்கெட், வசூல் 73.6 கோடி டாலர்.)

பணம் இடிக்க ஆரம்பித்ததும் சல்லிவன் ஊர் ஊராகப் போய் வாடகையைக் குறையுங்கள், வரியைத் தள்ளுங்கள், பார்க்கிங்கில் பங்கு கொடுங்கள் என்று கேட்டார். மக்கள் பணத்தில் பராமரிக்கிற மைதானத்தை எதுக்கு இவருக்கு இலவசமாக் கொடுக்கணும்னு பல ஊர்களில் முறைத்தார்கள். நம்ம நாட்டிலும் இந்த வாசனை உண்டு. 1996 நவம்பர் 1 அன்று மும்பை அந்தேரியில் மைக்கேல் ஜாக்சன் பாடினாரே, அதற்குச் சிவசேனா - பாஜக அரசு கேளிக்கை வரியைத் தள்ளுபடி செய்தது. சேனாவின் கிளை அமைப்பு ஒன்றுக்கு நிதி திரட்டத்தான் கச்சேரியே. நுகர்வோர் அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. அந்த 3.34 கோடி ரூபாய் கோர்ட்டில் மாட்டிக்கொண்டு, 2021 ஜனவரியில்தான் மகாராஷ்டிர அமைச்சரவை திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தது. அதற்குள் பாடினவர் போய் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

இன்னும் டிக்கெட் கதையைச் சொல்லவில்லை. 30 டாலர் அந்தக் காலத்தில் அநியாய விலை. அதுவும் ஒன்று ரெண்டு தரமாட்டார்கள், நாலு சேர்த்துத்தான். பேப்பரில் வரும் கூப்பனை வெட்டி, 120 டாலருக்கு மணியார்டர் எடுத்து, சேவைக் கட்டணமும் சேர்த்து அனுப்பணும். அப்புறம் கம்ப்யூட்டர் குலுக்கல். விழுந்தால் டிக்கெட், விழாவிட்டால் சில வாரம் கழித்துப் பணம் திரும்பும். லட்சக்கணக்கானவர்கள் பணம் அத்தனை வாரம் பேங்கில் கிடந்தால் வட்டி யாருக்கு? சல்லிவன் தரப்புக்கு. மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் இந்த வட்டி ஆசை எங்கிருந்து வந்ததுன்னு புரியும்.

டெக்சாஸில் ஒரு 11 வயசுப் பெண் குழந்தை பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது. காசு சேர்த்து வைத்திருந்தேன், நாலு டிக்கெட்டுக்கு நான் எங்கே போவேன், நீங்கள் இவ்வளவு சுயநலக்காரரா என்கிற அர்த்தத்தில். நாடே அந்தக் கடிதத்தைப் படித்தது. கான்சஸ் சிட்டியில் முதல் கச்சேரிக்கு முந்தின நாள், ஜூலை 5, மைக்கேல் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார். குலுக்கல் முறை மாறும், என் பங்குப் பணம் முழுவதும் தர்மத்துக்கு என்று அறிவித்தார். சொன்னபடி செய்தார், 50 லட்சம் டாலர் பக்கம் மூன்று அறக்கட்டளைகளுக்குப் போனது. அந்தக் குழந்தைக்கும் அழைப்பு போனது.

மைக்கேலுக்கு இதில் நல்ல பேர், நியாயமான பேரும்கூட. ஆனால் தர்மம் செய்ய அவருக்கு வந்த பங்கு, காலி நாற்காலிக்கும் சேர்த்து இன்னொருத்தர் மைதானத்தை அடமானம் வைத்துக் கட்டின பங்கு. அதைப் பற்றி ஒருத்தரும் அன்றைக்குப் பேசினதாகத் தெரியவில்லை. சல்லிவன் பேராசைப்பட்டார், வாஸ்தவம். அதற்காக நஷ்டம் முழுசும் அவர் தலையில் மட்டும் விழணுமா?

இதில் உச்சகட்ட வேடிக்கை ஒன்று உண்டு. சல்லிவன் தன் சொந்த மைதானத்தில் கச்சேரி வைக்க அனுமதி கேட்டபோது ஃபாக்ஸ்பரோ ஊர் நிர்வாகம் முடியாது என்று கையை விரித்துவிட்டது. அடமானத்தில் இருந்த மைதானத்துக்கு அந்தச் சுற்றுப்பயணத்தால் ஒரு நாள் வாடகைகூட வரவில்லை.

நடுவில் கெஞ்சிக் கூத்தாடி ஒப்பந்தத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். டிசம்பர் 9, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியம், கொட்டுகிற மழை. சகோதரர்களோடு இதுதான் கடைசி என்று மைக்கேல் மேடையிலேயே அறிவித்துவிட்டுப் போனார். சல்லிவனின் நஷ்டத்தை 1.3 கோடியிலிருந்து 2.2 கோடி டாலர் வரைக்கும் சொல்கிறார்கள்.

அப்புறம் நடந்தது சீக்கிரம் சொல்லிடலாம். கடன் கழுத்தை நெரிக்கிற அதே நேரத்தில் பேட்ரியாட்ஸ் அணி முதல் தடவையாக சூப்பர் பவுலுக்குப் போனது. 1986 ஜனவரியில் சிகாகோவிடம் 46-10 என்று உதை வாங்கித் திரும்பியது. 1988ல் அணியை விற்றார்கள். வாங்கினவர் விக்டர் கயாம், ரெமிங்டன் ஷேவர் கம்பெனிக்காரர். திவாலான மைதானத்தை ராபர்ட் கிராஃப்ட் என்கிற உள்ளூர் காகித வியாபாரி வாங்கினார். ஓட்டை மைதானத்தை எதுக்கு வாங்குறார்னு சிரித்திருப்பார்கள். ஆனால் பேட்ரியாட்ஸ் 2001 வரை அந்த மைதானத்தில்தான் ஆடியாக வேண்டும் என்று ஒரு பழைய குத்தகை இருந்தது. அது மைதானத்தோடு சேர்ந்து கிராஃப்ட் கைக்கு வந்தது. பின்னால் அணியை செயின்ட் லூயிஸுக்குத் தூக்கிப்போக நினைத்த அப்போதைய முதலாளி, குத்தகையை விட்டுக்கொடுக்க 7.5 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். மனுஷன் அசையவில்லை. 1994ல் 17.2 கோடி டாலருக்கு அணியையே வாங்கிப் போட்டார். அதன் பிறகு அந்த அணி வாங்கின சூப்பர் பவுல் கோப்பை ஆறு.

பழைய மைதானத்தை 2002ல் இடித்துவிட்டார்கள். பக்கத்திலேயே கிராஃப்ட் கட்டின ஜில்லட் ஸ்டேடியத்தில் 2009ல் யூ2வின் நாலு கால் பூதம் வந்து நின்றது. 2023 மே மாதம் டெய்லர் ஸ்விஃப்ட் மூன்று ராத்திரி அங்கே பாடினார், ஒரு ராத்திரி மழையில் நனைந்தபடியே. மூன்று நாளும் அதே ஃபாக்ஸ்பரோ ஊரில்தான் :-)